உறுப்பைக் கொண்டுவரும் ஒப்பந்தம்

காலையில் ஒரு செய்தித்தாளின் வலைப்பக்கத்தைத் திறக்கிறீர்கள். மேலே பத்திரிகையின் பெயர், அதன் கீழே நாளும் கிழமையும், ஓரத்தில் பகுதிகளின் பட்டியல், நடுவில் செய்தி, அடியில் முகவரி. ஒரே தாளில் அச்சிட்டது போல் தோன்றும் இப்பக்கம் பெரும்பாலும் எங்கும் முழுமையாக எழுதி வைக்கப்பட்டிருப்பதில்லை. நீங்கள் கேட்ட பிறகுதான் பல உறுப்புகளிலிருந்து அது கோக்கப்படுகிறது. அந்த உறுப்புகளை வார்ப்புருக்கள் என்கிறோம்.

வார்ப்புரு என்பது என்ன? பள்ளியில் வாங்கிய மாற்றுச் சான்றிதழை நினைத்துப் பாருங்கள். எல்லா மாணவருக்கும் பொதுவான வாசகம் அதில் அச்சாகியிருக்கும். பெயர், பிறந்த நாள், வகுப்பு ஆகியவற்றுக்கு மட்டும் இடம் விட்டிருக்கும். வலைப்பக்கத்தின் வார்ப்புருவும் அவ்வாறே. பொதுவானவை முன்பே எழுதப்பட்டுள்ளன; மாறக்கூடியவை கேட்கும்போது நிரப்பப்படுகின்றன.

இப்பொழுது ஒரு கேள்வி எழுகிறது. பக்கத்தைக் கோக்கும் நிரலுக்கு, அதாவது புரோகிராமுக்கு, உறுப்பின் பெயர் மட்டுமே தெரியும். அந்த உறுப்பு வட்டில் ஒரு கோப்பாக இருக்கலாம், தரவுத்தளத்தில் இருக்கலாம், நினைவகத்திலேயே இருக்கலாம். அதைத் தேடிக் கொண்டுவருவது யார்? இதற்கு இன்று நிரலாளர்கள் தரும் விடை, ‘அருவ அடிப்படை இனக்குழு’ என்பதாகும். பெயர் சற்று அச்சமூட்டலாம், கருத்து எளியது. ஆனால் அந்த எளிய கருத்தை அடைய நெடுங்காலம் பிடித்தது. அந்த வரலாற்றை இங்கே காண்போம்.

இரும்பு அலமாரியில் துளைநாடாக்கள்

1949 மே 6ஆம் நாள், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணிதச் சோதனைக்கூடத்தில், எட்சாக் என்னும் கணிப்பொறி தன் முதல் நிரலை இயக்கி எண்களின் வர்க்கங்களை அச்சிட்டது. அதை அமைத்தவர்கள் மாரிஸ் வில்க்ஸும் அவருடைய குழுவினரும். ஒரு கோணத்தின் சைன் மதிப்பைக் காணும் வழியை ஒவ்வொருவரும் புதிதாக எழுதிக்கொண்டிருப்பது வீண்வேலை என்பது அவர்களுக்கு விரைவிலேயே விளங்கியது. ஒருவர் எழுதிச் சரிபார்த்த பகுதியை மற்றவர்களும் பயன்படுத்த வேண்டும். இவ்வாறு துணைநிரல்களின் நூலகம் பிறந்தது.

குழுவில் இளைஞராக இருந்த டேவிட் வீலர், துணைநிரலுக்குச் சென்று, வேலை முடிந்ததும் விட்ட இடத்துக்கே திரும்பி வரும் உபாயத்தைக் கண்டார். 1951ஆம் ஆண்டளவில் அந்த நூலகத்தில் 87 துணைநிரல்கள் இருந்தன. அவை காகிதத் துளைநாடாக்களாக ஓர் இரும்பு அலமாரியில் வகை வகையாக அடுக்கப்பட்டிருந்தன. வில்க்ஸ், வீலர், ஸ்டான்லி கில் ஆகிய மூவரும் அதே ஆண்டில் இதைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டனர்.

இங்கே உறுப்பைத் தேடியது யார்? மனிதர்தாம். நிரலாளர் அலமாரியைத் திறந்து, உரிய நாடாவை எடுத்து, அதிலுள்ள துளைகளைத் தம் நாடாவில் படியெடுத்துக்கொண்டார். பின்னாளில் நூலகத்தில் மேலான துணைநிரல் ஒன்று வந்து சேர்ந்தாலும், முன்பு படியெடுத்த நாடாவில் பழையதே தங்கியிருக்கும். உறுப்பு நிரலோடு ஒட்டிப் போய்விட்டது.

அடுத்த படியை எடுத்து வைத்தவர் அமெரிக்காவின் கிரேஸ் ஹாப்பர். 1952ஆம் ஆண்டளவில் யூனிவாக் கணிப்பொறிக்காக அவர் அமைத்த ஏ-0 என்னும் ஏற்பாட்டில், ஒவ்வொரு துணைநிரலுக்கும் ஓர் அழைப்பெண் உண்டு. நிரலாளர் அழைப்பெண்ணை எழுதினால் போதும். காந்த நாடாவிலிருந்து அந்தத் துணைநிரலைத் தேடியெடுத்துச் சேர்க்கும் வேலையைக் கணிப்பொறியே செய்யும். தேடும் பொறுப்பு மனிதரிடமிருந்து பொறிக்கு மாறிய தருணம் இது. நூலகத்துக்குள் தாமே புகுந்து அலமாரியைத் துழாவுவதற்கும், சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதற்கும் உள்ள வேறுபாடு என இதைக் கூறலாம்.

எனினும் ஒரு குறை இருந்தது. தேடும் வழி ஒன்றே ஒன்று. உறுப்புகள் பலவகை இடங்களில் இருக்குமானால் என்ன செய்வது? ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு வழியா? அவ்வளவு வழிகளையும் கேட்பவர் அறிந்திருக்க வேண்டுமா? இதற்கு விடை முற்றிலும் வேறொரு துறையிலிருந்து வந்தது.

ஆஸ்லோவின் சுங்கச்சாவடி

நார்வே நாட்டின் தலைநகரான ஆஸ்லோவில் உள்ள நார்வேக் கணிப்பு மையத்தில் கிறிஸ்டன் நைகார்டும் ஓலே-யோஹான் டாலும் 1960களில் பணியாற்றினர். தொழிற்சாலை, போக்குவரத்து முதலியவற்றின் நடைமுறையைக் கணிப்பொறியில் பாவனையாக நடத்திப் பார்ப்பது அவர்கள் நோக்கம். அதற்காக அவர்கள் உருவாக்கிய மொழிக்குச் சிமுலா என்று பெயர்.

அவர்கள் எண்ணிப் பார்த்த எடுத்துக்காட்டுகளுள் ஒன்று, பாலத்தின் மேல் உள்ள சுங்கச்சாவடி. அங்கே வாகனங்கள் வரிசையில் நிற்கின்றன. சில லாரிகள், சில பேருந்துகள். வரிசையில் நிற்பது என்ற அளவில் இரண்டும் ஒன்றே. ஆனால் லாரிக்குச் சுமை உண்டு. பேருந்துக்குப் பயணிகள் உண்டு. பொதுவானதை ஒருமுறை எழுதிவிட்டு, வேறுபடுவதை மட்டும் தனித்தனியே எழுத முடியாதா?

1966ஆம் ஆண்டின் இறுதியில் அவர்களுக்கு வழி புலப்பட்டது. பொதுவான பண்புகளை ஓர் இனக்குழுவாக எழுதி, அதன் மேல் லாரிக்கும் பேருந்துக்கும் உரிய பண்புகளைச் சேர்த்துக் கிளை இனக்குழுக்களை அமைத்தனர். இக்கருத்தை உட்கொண்ட சிமுலா 67 என்னும் மொழி 1967இல் அறிவிக்கப்பட்டது. அதில் இன்னொரு வசதியும் இருந்தது. அடிப்படை இனக்குழு ஒரு செயலின் பெயரை மட்டும் அறிவித்துவிட்டு, அச்செயல் எவ்வாறு நடைபெறும் என்பதைக் கிளையின் முடிவுக்கு விட்டுவிடலாம். இப்பணிக்காக இருவருக்கும் 2001ஆம் ஆண்டுக்குரிய டூரிங் பரிசு கிடைத்தது. 2002ஆம் ஆண்டில், இரண்டு மாத இடைவெளிக்குள், இருவரும் மறைந்தனர்.

நியூட்டன் விட்டு வைத்த இடம்

பெயர் மட்டும் உண்டு, செயல்முறை இல்லை என்றால் அதனால் என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். இயற்பியல் படித்தவர்களுக்கு இது புதியதன்று. விசை என்பது நிறையையும் முடுக்கத்தையும் பெருக்கிய தொகைக்குச் சமம் என்கிறது நியூட்டனின் இரண்டாம் விதி. அந்த விசை எது, எவ்வளவு என்று அவ்விதி கூறுவதில்லை. சுருள்வில்லாக இருந்தால் ஹூக்கின் விதி விசையைத் தரும். கோள்களாக இருந்தால் ஈர்ப்பு விதி தரும். விசையைத் தரும் விதி ஏதேனும் ஒன்று இருக்கும் என்ற நம்பிக்கையில் ஓர் இடத்தைக் காலியாக விட்டு, அந்த இடத்தைச் சுற்றி இயக்கவியல் முழுவதையும் நியூட்டன் கட்டினார்.

அந்தக் காலி இடத்தை நிரப்பாமல் ஒரு கணக்கையும் போட முடியாது. ‘ஏதோ ஒரு விசை செயல்படுகிறது; ஐந்து விநாடியில் பொருள் எங்கிருக்கும்?’ என்று எந்த வினாத்தாளிலும் கேட்பதில்லை.

அருவ அடிப்படை இனக்குழுவும் இத்தகையதே. ‘பெயரைச் சொன்னால் உறுப்பைக் கொண்டுவர வேண்டும்’ என்ற கடமையை அது எழுதி வைக்கிறது. எப்படிக் கொண்டுவருவது என்று கூறுவதில்லை. கோப்பிலிருந்து எடுக்கும் கிளை ஒரு வழியைக் கூறும். தரவுத்தளத்திலிருந்து எடுக்கும் கிளை வேறு வழியைக் கூறும். இவற்றைக் கொணர்விகள் என்று அழைப்போம். பக்கத்தைக் கோக்கும் நிரல் அடிப்படை இனக்குழுவை மட்டுமே அறியும். நாளை புதிய இடம் ஒன்றில் உறுப்புகளை வைத்தாலும், அதற்கென ஒரு கொணர்வியை எழுதிச் சேர்த்தால் போதும். கேட்பவரின் நிரலில் ஒரு வரியும் மாறாது.

வாக்குத் தவறினால் எப்போது தெரியும்?

ஒப்பந்தம் என்று வந்துவிட்டால் அதை மீறுபவரும் உண்டு. கிளையை எழுதியவர் தம் கடமையை நிறைவேற்ற மறந்துவிட்டால் என்ன ஆகும்? அந்தத் தவறு எப்போது, யார் கண்ணில் படும்? இந்த வரலாற்றின் உயிர்நாடி இக்கேள்விதான்.

அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் உருவான ஸ்மால்டாக்-80 மொழியில், அடிப்படை இனக்குழுவின் காலி இடத்தில் ‘இது கிளையின் பொறுப்பு’ என்று பொருள்படும் ஒரு கட்டளையை எழுதி வைப்பார்கள். கிளை அதை நிரப்பாவிட்டால், நிரல் ஓடி அந்த இடத்தை அடையும்போது பிழைச் செய்தி தோன்றும். ஆனால் நிரல் அந்த இடத்தை அடைய வேண்டுமே! ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் நடக்கும் வேலையாக இருந்தால், தவறு ஓராண்டுக் காலம் உறங்கிக் கிடக்கும்.

தவறைக் கருவிலேயே பிடிக்கும் வழி சி++ மொழியில் வந்தது. அதை உருவாக்கிய பியார்னே ஸ்ட்ரவுஸ்ட்ரப் டென்மார்க் நாட்டவர். கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி செய்த நாளில் சிமுலாவைப் பயன்படுத்திப் பழகியவர். அங்கே அவருக்கு வழிகாட்டியாக இருந்தவர் வேறு யாருமல்லர். துளைநாடா நூலகத்தை அமைத்தவர்களுள் ஒருவரான டேவிட் வீலரேதான்! பின்பு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த ஸ்ட்ரவுஸ்ட்ரப், 1989இல் வெளியான சி++ இரண்டாம் பதிப்பில் அருவ இனக்குழுவை முறைப்படி சேர்த்தார்.

செயலின் பெயரை எழுதி, அதற்குப் பக்கத்தில் ‘= 0’ என்று குறித்தால் அது காலி இடம் என்று பொருள். இந்த விந்தையான குறியீட்டுக்கு ஒரு காரணம் உண்டு. புதிய சொல் ஒன்றை மொழியில் சேர்க்க அப்போது ஒப்புதல் கிடைக்காது என்று அவர் கருதினார். அதனால் இருக்கும் குறிகளைக் கொண்டே காரியத்தை முடித்தார். காலி இடம் உள்ள இனக்குழுவிலிருந்து ஒரு பொருளை உண்டாக்க முயன்றால், மொழிமாற்றி அந்த நிரலை ஏற்பதில்லை. தவறு நிரலாளரின் மேசையிலேயே பிடிபடுகிறது.

பைதான் மொழி நடுவழியில் சென்றது. அருவ அடிப்படை இனக்குழுக்களைச் சேர்க்கும் திட்டத்தை 2007இல் கைடோ வான் ரோசம், தாலின் ஆகியோர் முன்வைத்தனர். 2008இல் அது மொழியில் இடம்பெற்றது. அங்கே மொழிமாற்றம் செய்யும்போது தடை இல்லை. ஆனால் கடமை நிறைவேறாத கிளையிலிருந்து பொருளை உண்டாக்க முயன்ற அக்கணமே பிழை எழும். காலி இடத்தை அழைக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஆக, அழைக்கும்போது, பொருளை உண்டாக்கும்போது, மொழிமாற்றும்போது என மூன்று காலங்கள். தவறு முதல் காலத்தில் பிடிபட்டால் அதைக் காண்பவர் வாசகர். மூன்றாவதில் பிடிபட்டால் நிரலாளர் மட்டுமே.

வலைப்பக்கம் வந்தது

ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் என்னும் அணுத்துகள் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1989இல் முன்வைத்த திட்டத்திலிருந்து வையவிரிவு வலை தோன்றியது. இயற்பியலாளரின் தேவைக்குப் பிறந்த அது சில ஆண்டுகளில் உலகெங்கும் பரவியது. தொடக்கத்தில் பக்கங்கள் எழுதி வைத்த கோப்புகளாகவே இருந்தன. பிறகு கேட்டவுடன் பக்கத்தை உண்டாக்கும் நிரல்கள் வந்தன. அவற்றில் பக்கத்தின் வாசகமும் நிரலின் கட்டளைகளும் பின்னிக் கிடந்தன. ஒரு தலைப்பின் நிறத்தை மாற்றவும் நிரலாளரைத் தேட வேண்டியிருந்தது. பக்க வடிவமைப்பாளர் நிரலைத் தொடாமல் வேலை செய்ய வேண்டுமானால், வாசகத்தை வார்ப்புருக்களாகப் பிரித்து வைக்க வேண்டும். பிரித்து வைத்ததும் பழைய கேள்வி திரும்பி வந்தது: உறுப்பு எங்கே?

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, ஜாங்கோ என்னும் நிரல் தொகுப்பு. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற நகரிலிருந்து வெளிவரும் ஒரு செய்தித்தாளின் வலைப்பணிக்காக, 2003இல் அட்ரியன் ஹோலோவாட்டியும் சைமன் வில்லிசனும் அதைத் தொடங்கினர். 2005இல் அது பொதுமக்களுக்கு வெளியிடப்பட்டது. பைதான் மொழியில் எழுதப்பட்டது.

முதலில் ஜாங்கோவில் கொணர்விகள் தனித்தனிச் செயற்கூறுகளாக இருந்தன. பெயரைக் கொடுத்தால் வாசகம் வரும். இல்லாவிட்டால் ‘இல்லை’ என்ற விடை வரும். வெவ்வேறு இடங்களில் தேடும் கொணர்விகளை ஒரு பட்டியலில் வரிசையாக எழுதி வைத்தால் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கப்படும். ஆனால் ஒரு முறை படித்துப் பொருள்கண்ட வார்ப்புருவை மறு முறைக்காக நினைவில் வைத்துக்கொள்ள விரும்பினால், அந்த நினைவுக்கு ஓர் இருப்பிடம் வேண்டும். 2010இல் வெளியான 1.2 பதிப்பில் கொணர்விகள் இனக்குழுக்களாக மாற்றப்பட்டன. நினைவில் வைக்கும் கொணர்வியும் உடன் வந்தது. அது தனக்குள் வேறு கொணர்விகளை வைத்திருக்கும். தானே எதையும் தேடாது. ஒரு முறை அவற்றிடம் கேட்டு வாங்கியதை மறு முறை தன்னிடமிருந்தே எடுத்துக் கொடுக்கும். வெளியே இருந்து பார்ப்பவருக்கு இதுவும் ஒரு கொணர்விதான்!

கேள்வி திருத்தப்பட்டது

இத்தோடு கதை முடியவில்லை. ‘இந்தப் பெயருள்ள வார்ப்புருவின் வாசகத்தைக் கொடு’ என்பதுதான் ஒப்பந்தத்தில் இருந்த கேள்வி. போதுமானது போல் தோன்றும் இக்கேள்வியில் ஒரு குறை ஒளிந்திருந்தது. முதலில் கிடைத்தது ஒன்றே விடை. அதே பெயரில் அடுத்த இடத்தில் இருக்கும் இன்னொன்றைக் கேட்க வழியில்லை. பிறர் எழுதிய ஒரு பக்கத்தை எடுத்து, அதே பெயரில் சிறு மாற்றம் மட்டும் செய்ய விரும்பியவர், மூலத்தை முழுவதும் படியெடுக்க வேண்டியிருந்தது. கேம்பிரிட்ஜின் துளைநாடாக் காலத்துச் சிக்கல் மீண்டும் தலைகாட்டியது எனலாம்.

2015 டிசம்பரில் வெளியான 1.9 பதிப்பில் கேள்வி இரண்டாகப் பிரிக்கப்பட்டது. முதலாவது: இந்தப் பெயருக்கு உறுப்பு இருக்கக்கூடிய இடங்களை வரிசையாகச் சொல். இரண்டாவது: இந்த இடத்தில் உள்ள வாசகத்தைக் கொடு. இவ்விரண்டையும் கிளைகள் நிறைவேற்ற வேண்டும். இடங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பது, வேண்டாதவற்றைத் தாண்டுவது, பார்த்த இடங்களைக் குறித்துக்கொள்வது ஆகிய பொதுவேலைகளை அடிப்படை இனக்குழுவே ஒரே முறை எழுதி வைத்துக்கொண்டது. தன் பெயரையே கொண்ட அடுத்த வார்ப்புருவை நீட்டிக்கொள்ள இப்போது வழி பிறந்தது. உறுப்பு கிடைக்காதபோது, எங்கெங்கே தேடினோம் என்ற பட்டியலும் நிரலாளருக்குக் கிடைக்கிறது.

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். பைதானில் அருவ இனக்குழுவுக்கு முறையான ஏற்பாடு இருந்தும், ஜாங்கோவின் அடிப்படைக் கொணர்வி அதைப் பயன்படுத்தவில்லை. காலி இடத்தை அழைத்தால் பிழை எழுப்பும் ஸ்மால்டாக்கின் பழைய வழியையே பின்பற்றுகிறது. நீங்கள் சொந்தமாக ஒரு கொணர்வியின் அடிப்படையை எழுதுவீர்களாயின், பொருளை உண்டாக்கும்போதே தடுக்கும் வழியைத் தேர்ந்தெடுப்பது நல்லது. மொழியே இலவசமாகத் தரும் காவலை ஏன் மறுக்க வேண்டும்?

இல்லை என்று சொல்லத் தெரிய வேண்டும்

ஒப்பந்தத்தில் எழுதாமல் விட்டுப்போகும் கடமைகளும் உண்டு. அவற்றுள் இரண்டு முக்கியமானவை.

ஒன்று, ‘இங்கே இல்லை’ என்பதையும் ‘இருக்கிறது, எடுக்க முடியவில்லை’ என்பதையும் பிரித்துச் சொல்வது. கோப்பு இருக்கிறது, படிக்க அனுமதி இல்லை என்று கொள்வோம். கொணர்வி அதை ‘இல்லை’ என்று சொல்லிவிட்டால், அடுத்த கொணர்வி வேறோர் இடத்திலிருந்து பழைய வார்ப்புருவை எடுத்துக் கொடுத்துவிடும். பக்கம் அழகாகவே தோன்றும். செய்தி மட்டும் தவறாக இருக்கும். கிடைக்காமற்போவதைவிடத் தவறானது கிடைப்பது கொடிது. ஜாங்கோவின் கோப்புக் கொணர்வி, கோப்பு உண்மையில் இல்லாதபோது மட்டுமே ‘இல்லை’ என்கிறது. வேறு பிழைகளை மறைப்பதில்லை.

மற்றொன்று, எல்லையைக் காப்பது. கோப்புப் பெயரில் இரண்டு புள்ளிகள் இட்டால் ஒரு படி மேலுள்ள அடைவுக்குச் செல் என்று பொருள். உறுப்பின் பெயர் வெளியார் கொடுத்ததாக இருந்து, அதில் இந்தப் புள்ளிகளை ஒருவர் அடுக்கிவிட்டால், வார்ப்புருக்கள் உள்ள அடைவைத் தாண்டிச் சேவையகத்தின் இரகசியக் கோப்பு வரை போய்விடலாம். ஆகவே ஜாங்கோவின் கோப்புக் கொணர்வியும், ஆர்மின் ரோனாக்கர் உருவாக்கிய ஜின்ஜா என்னும் வார்ப்புருத் தொகுப்பின் கோப்புக் கொணர்வியும், எல்லையைத் தாண்டும் பெயர்களை ஏற்பதில்லை. நூலகச் சீட்டில் எதை எழுதிக் கொடுத்தாலும் நூலகர் பணப்பெட்டியைத் திறந்து கொடுக்கமாட்டார் அல்லவா?

கற்க வேண்டியது என்ன?

அலமாரியிலிருந்து நாடாவுக்கும், நாடாவிலிருந்து வட்டுக்கும், வட்டிலிருந்து வலைக்கும் உறுப்புகள் இடம் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன, இனியும் மாறும். மாறாமல் நிற்க வேண்டியது கேள்வி ஒன்றுதான். அதனால்தான் அடிப்படை இனக்குழுவை வகுப்பவர் விடைகளைப் பற்றிச் சிந்திப்பதற்கு முன் கேள்வியைச் செதுக்க வேண்டும். கேள்விகள் குறைவாக இருக்க வேண்டும். ஆனால் அவசியமான ஒன்று விடுபட்டுவிடக் கூடாது. ஜாங்கோவுக்கும் அது கைவரப் பத்தாண்டுகள் ஆயின.

கணிப்பொறி பயிலும் மாணவர்கள் இதை ஒரு சிறு பயிற்சியாகச் செய்து பார்க்கலாம். ஓர் அடிப்படைக் கொணர்வியை எழுதுங்கள். கோப்பிலிருந்து எடுக்கும் கிளை ஒன்று, நினைவகத்திலிருந்து எடுக்கும் கிளை ஒன்று, நினைவில் வைத்துக்கொள்ளும் கிளை ஒன்று என மூன்று கிளைகளை எழுதுங்கள். மூன்றாவதை எழுதும்போது அடிப்படையைத் திருத்த நேர்ந்தால், உங்கள் கேள்வி இன்னும் சரியாக அமையவில்லை என்று பொருள். திருத்தாமலே மூன்றும் ஓடுமானால், ஆஸ்லோவின் சுங்கச்சாவடியில் தொடங்கிய பாடத்தை நீங்கள் கற்றுவிட்டீர்கள்.